திருவருகைக் காலத்தில் கொஞ்சம் நிதானிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினாலே "எதற்கும் நேரமில்லை" என்கிற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களை ஜெபத்தோடும் அமைதியோடும் கடக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்டவை, நானே பல வருடமாக எனக்குள் கேட்டுக்கொண்டவை, எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகத்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கேள்வி எதுவோ அதற்கே நேராகப் போய்விடலாம்.

திருவருகைக் காலம் என்றால் என்ன? எந்தத் தேதியில் தொடங்கும்?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளும் அவற்றை ஒட்டிய நாள்களும்தான் திருவருகைக் காலம். கத்தோலிக்கர்களான நாங்கள் இப்படிச் சொல்கிறோம். மற்ற சபைகளில் ஆகமன காலம் என்றும் அட்வென்ட் என்றும் சொல்வதுண்டு. 'அத்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள்.

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் விழும் ஞாயிற்றுக்கிழமையே தொடக்க நாள். ஆகவே நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவே ஏதாவது ஒரு தேதியில் வரும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. 2028இல் டிசம்பர் 3இல் தொடங்குகிறது. அந்த வருடம் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24 ஆகிவிடுவதால் மொத்தம் 22 நாள்தான் கிடைக்கும். நீளமான வருடங்களில் 28 நாள் வரை உண்டு.

திருவழிபாட்டு ஆண்டும் இந்த முதல் ஞாயிறோடுதான் தொடங்குகிறது. திருச்சபைக்குப் புது வருடம் பிறப்பது காத்திருப்பில். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம் தரும் விஷயம்.

கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் நாள்கள்தானே? அப்படியென்றால் வேலைகளை வேகமாக முடிப்பதில் என்ன தவறு?

தயாராகும் நாள்கள்தான், ஆனால் முழுவதும் அது மட்டும் இல்லை. முதல் ஞாயிறன்று கோவிலில் வாசிக்கப்படும் நற்செய்தியைக் கவனித்திருக்கிறீர்களா? மாட்டுக்கொட்டில், தீவனத்தொட்டி, இடையர் என்று ஒன்றுமே வராது. "விழிப்பாயிருங்கள்" என்ற குரல்தான் கேட்கும். இறுதி நாளில் ஆண்டவர் திரும்ப வருவதைப் பற்றிய பகுதி அது. டிசம்பர் 16 வரை வழிபாட்டின் பார்வை பெரும்பாலும் அந்த இரண்டாம் வருகையின் மேல் இருக்கும். 17ஆம் தேதியிலிருந்துதான் பெத்லகேம் பக்கம் திரும்பும்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ துறவு மடத்துப் புனித பெர்னார்து இன்னும் ஒரு வருகையைச் சேர்த்தார். முதலாவது, உடலெடுத்து வந்தது. கடைசியாக, மாட்சியோடு வரப்போவது. இவை இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் நம் உள்ளத்துக்குள் வருவது. முதல் வருகை நடந்து முடிந்துவிட்டது. கடைசி வருகை நம் கையில் இல்லை. நடுவில் உள்ள இந்த வருகையைத்தான் அவசரத்தில் நாம் தவறவிடுகிறோம். வாசலில் ஒருவர் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே பாத்திரச் சத்தத்தில் அது கேட்காமல் போவது மாதிரி.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதா?

இல்லை. தமிழில் நமக்கு இதை விளக்க அழகான ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. அகத்திணையில் முல்லைக்கு உரிப்பொருள் 'இருத்தல்'. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பிரிந்தவன் வருவான் என்று நம்பி, மனதை ஆற்றிக்கொண்டு இருப்பது. அந்தப் பெண் வீட்டு வேலை செய்கிறாள், விளக்கேற்றுகிறாள், அப்புறம் மேகத்தைப் பார்க்கிறாள். சும்மா இல்லை; அவளுடைய ஒவ்வொரு வேலையிலும் அவன் சொன்ன சொல் கூடவே இருக்கிறது. அந்தச் சொல் இல்லையென்றால் அது காத்திருப்பே இல்லை, வெறும் நாள் கழிப்பு.

திருப்பாடல் 130ஐ எடுத்துப் பாருங்கள். விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைவிட ஆவலாக என் நெஞ்சம் ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்கிறது. அந்தக் காவலரைப் பற்றிய வரி அங்கே இரண்டு முறை வரும். எழுதியவர் மறந்துபோய் இரண்டு முறை எழுதவில்லை. இரவுக் காவல் அப்படித்தான் இருக்கும்: ஒரு முறை கிழக்கே பார்ப்பார், இருட்டாக இருக்கும், மறுபடி பார்ப்பார். வாய்விட்டு வாசிக்கும்போது அந்த இரண்டாவது வரியில் நிறுத்தி மூச்சு விடுங்கள். நான் சொல்ல வருவது அங்கே புரியும்.

இந்தக் காலத்துக்கு விவிலியத்தில் யாரை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்?

மரியாவையும் திருமுழுக்கு யோவானையும் எல்லாரும் சொல்வார்கள், சரிதான். நான் செக்கரியாவைச் சொல்வேன். பழைய மொழிபெயர்ப்பில் சகரியா.

லூக்கா நற்செய்தி முதல் அதிகாரம். வயதான குரு. சீட்டு விழுந்து, தூபம் காட்டக் கோவிலுக்குள் போகிறார். அங்கே வானதூதர் கபிரியேல், உனக்கு மகன் பிறப்பான் என்கிறார். வாழ்நாள் முழுக்க வேண்டிக்கொண்ட காரியம் கைக்கு வரும் நேரத்தில் இவர் கேட்கிற கேள்வி, "இது நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" அதோடு பேச்சு போய்விடுகிறது. வெளியே மக்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொண்டே நிற்கிறார்கள். வெளியே வந்தவர் கையால் சைகை காட்டுகிறார்.

அந்த மௌனத்தைத் தண்டனை என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தண்டனையும்தான். ஆனால் அந்தப் பகுதியை நிதானமாக வாசித்த ஒரு டிசம்பரில் வேறொன்று தட்டுப்பட்டது. அவருடைய மனைவி கருவுற்றிருக்கிறார், ஐந்து மாதம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு மரியா வருகிறார், ஏறக்குறைய மூன்று மாதம் தங்குகிறார். அந்த வீட்டில் இரண்டு பெண்களும் பேசியது, பாடியது எல்லாம் நடந்தபோது இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். விளக்கம் சொல்ல முடியாது, சந்தேகம் கேட்க முடியாது, ஊருக்கு அறிவிக்கவும் முடியாது. ஒரு குழந்தை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் முடியும்.

குழந்தை பிறந்த எட்டாம் நாள். பெயர் என்ன என்று சைகையில் கேட்கிறார்கள். எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, "இவன் பெயர் யோவான்" என்று எழுதுகிறார். உடனே நாக்கு கட்டவிழ்கிறது. ஒன்பது மாதத்துக்கு மேல் அடைத்துவைத்த வாயிலிருந்து முதலில் வந்தது கடவுளைப் புகழ்கிற பாட்டு. விண்ணிலிருந்து விடியல் நம்மைத் தேடி வருகிறது என்று பாடுகிறார். அந்தப் பாடலைத்தான் திருச்சபை இன்றும் தினமும் காலை மன்றாட்டில் சொல்கிறது. மௌனம் இல்லாமல் அந்தப் பாட்டு வந்திருக்குமா என்று தெரியாது. உள்ளே போனபோது கேள்வியோடு போனவர், வெளியே வந்தபோது பாட்டோடு வந்தார். நடுவில் நடந்ததெல்லாம் மௌனம்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

பத்து நிமிடம். ஒரே இடம். ஒரே நேரம். இதற்கு மேல் முதல் வாரம் எதுவும் வேண்டாம்.

விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். புதுத் திரி உடனே பிடிக்காது. தீக்குச்சியை ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் சுடர் முதலில் உயரமாக எழும், பிறகு சட்டென்று சிறுத்து அணைந்துவிடப் போகிற மாதிரி ஆகும். மெழுகு உருகித் திரிக்கு ஏறும் வரை அப்படித்தான். அதன் பிறகே நிதானமாக எரியத் தொடங்கும். நம் மனமும் உட்கார்ந்ததும் இப்படித்தான் செய்கிறது. முதல் இரண்டு நிமிடம் வேகம், அடுத்து ஒரு சலிப்பு, கை தானாகச் செல்போனைத் தேடும். அந்தச் சலிப்பில் எழுந்துவிடாமல் இருங்கள். மெழுகு உருக நேரம் கொடுங்கள்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லையா? "ஆண்டவரே, வாரும்" போதும். முதல் கிறிஸ்தவர்கள் அரமேயத்தில் 'மாரனாத்தா' என்று சொன்ன அதே ஜெபம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.

எதை வாசிக்கலாம்?

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஒன்று வாசித்தால் விழாவுக்கு முந்தைய இரவு முடியும். பலருக்கு இது பிடித்த வழி. எனக்கு அது கொஞ்சம் வேகம். நான் இறைவாக்கினர் எசாயாவின் நூலை எடுத்துக்கொள்வேன், அதுவும் சில பகுதிகளை மட்டும்: 2, 9, 11, 35, 40ஆம் அதிகாரங்கள். இவற்றில் நான்கைத் தேர்ந்து, ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி. ஏழு நாளும் அதையே வாசிப்பது.

உதாரணமாக 11ஆம் அதிகாரம். ஈசாயின் (தாவீது அரசரின் தந்தை) அடிமரத்திலிருந்து ஒரு தளிர் துளிர்க்கும் என்று தொடங்குகிறது. முதல் நாள் தளிர் மட்டும் கண்ணில் படும். மூன்றாவது நாள் வாக்கில் 'அடிமரம்' என்ற சொல் இடறும். அடிமரம் என்றால் மரம் வெட்டப்பட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? தாவீதின் அரச வம்சம் வீழ்ந்துபோய், வெறும் கட்டையாக நிற்கிறது. நம்பிக்கை அந்தக் கட்டையிலிருந்து வருகிறது. இது ஒரே நாளில் ஐந்து அதிகாரம் புரட்டுகிறவருக்குத் தெரியாது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்க வேண்டாமா?

மெழுகுவத்தி வளையம் கட்டாயமா? அது எப்படி வந்தது?

கட்டாயம் இல்லை, வழிபாட்டுச் சட்டமும் இல்லை. இன்று நாம் காணும் வடிவம் 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் தொடங்கியது. யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்களாம். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் அதில் வைத்தார். தினம் ஒன்று ஏற்றப்பட்டது.

பிற்பாடு நான்கு மட்டும் நிலைத்தது. மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம் என்பது பரவலான வழக்கம். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்வார்கள். ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. "ஆண்டவரில் எப்போதும் மகிழுங்கள்" என்ற பிலிப்பியர் கடித வரியிலிருந்து அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர்.

வளையம் வாங்க முடியவில்லையென்றால் நான்கு மெழுகுவத்தியை ஒரு தட்டில் வைத்தால் போதும். முதல் வாரம் ஒன்றுதான் எரியும், மற்ற மூன்றும் இருட்டில் நிற்கும். நான் அந்த எரியாத மூன்றையும்தான் அதிகம் பார்ப்பேன்.

நோன்பு இருக்க வேண்டுமா? தவக்காலம் மாதிரியா இது?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) கூடிய மாக்கோன் ஆயர் சங்கம், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை திங்கள், புதன், வெள்ளியில் நோன்பு இருக்கச் சொன்னது. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் 40 நாள் நோன்பு இன்றும் உண்டு. ரோமைக் கத்தோலிக்கத் திருச்சபையில் இப்போது திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு இல்லை.

நிறம் ஊதா, 'உன்னதங்களிலே' பாடல் பாடுவதில்லை. ஆனால் 'அல்லேலூயா' உண்டு. தவக்காலத்தில் அதுவும் இருக்காது. இந்த ஒரு வித்தியாசமே போதும் இது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல. மனமாற்றம் கேட்கிற காலம், ஆனால் மகிழ்ச்சியை அடியில் வைத்திருக்கிற காலம். உணவில் ஏதாவது விடுவதாக இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால் சத்தத்தில் நோன்பு இருங்கள் என்பேன். காலையில் எழுந்த முதல் அரை மணி நேரம் திரையைத் தொடாமல் இருப்பது பலருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை விடுவதைவிடக் கடினம்.

வேலை, பிள்ளைகள், வயதான பெற்றோர். உண்மையிலேயே நேரம் இல்லை. என்ன செய்ய?

உங்களுக்குக் கூடுதலாக ஒரு கடமையை நான் சுமத்தப்போவதில்லை. தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, பேருந்துக்குக் காத்து நிற்பது, நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அந்த ஒன்றை மட்டும் இந்த நான்கு வாரமும் மெதுவாக, காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் செய்யுங்கள். மரியாவும் மகனைச் சுமந்த முதல் மாதங்களை மலைநாட்டில் உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக இருந்தே கழித்தார். அவர் தனியாகத் தியான இல்லத்துக்குப் போகவில்லை.

ஒத்துக்கொள்ளாமல் விடக்கூடியவை எவை என்றும் பாருங்கள். எல்லா அழைப்புக்கும் போயாக வேண்டும் என்பதில்லை. "இந்த வருடம் முடியாது" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

நான் துக்கத்தில் இருக்கிறேன். எல்லாரும் கொண்டாடும்போது எனக்கு எதிலும் ஒட்டவில்லை.

அப்படியானால் இந்தக் காலம் மற்ற யாரையும்விட உங்களுக்கு உரியது. திருவருகை வாசகங்களை எழுதியவர்களும் முதலில் கேட்டவர்களும் நாடு இழந்தவர்கள், சிறைப்பட்டவர்கள், இருளில் நடந்தவர்கள். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று இந்த நான்கு வாரமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. "எவ்வளவு காலம், ஆண்டவரே?" என்று கேட்பதும் முழுமையான திருவருகை ஜெபம்தான்.

ஹிட்லரை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்ட ஜெர்மன் போதகர் டீட்ரிஹ் போன்ஹோஃபர், 1943 நவம்பரில் பெர்லின் தேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதினார்: சிறை அறை வாழ்க்கை திருவருகைக் காலம் மாதிரி, காத்திருக்கிறோம், நம்புகிறோம், ஏதேதோ செய்கிறோம், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, வெளியிலிருந்து மட்டும்தான் அதைத் திறக்க முடியும். இந்தக் கருத்தில்தான் எழுதினார். அவர் உயிரோடு வெளியே வரவில்லை. 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடிதத்தை நினைக்கும்போது, ஆறுதல் சொல்ல வருகிற எந்தச் சுலபமான வார்த்தையும் எனக்கு வாயில் வருவதில்லை. நீங்கள் கதவைத் திறக்க முயன்று களைத்திருந்தால், உட்காருங்கள். திறக்கிறவர் வெளியே இருக்கிறார்.

கிறிஸ்துமஸ் பாடல்களை இப்போதே பாடலாமா?

பாடினால் பாவம் இல்லை. ஆனால் டிசம்பர் முழுக்கப் பாடித் தீர்த்துவிட்டு 26ஆம் தேதி எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டுவதுதான் எனக்கு வருத்தம். விழாக் காலம் 25இல்தான் தொடங்குகிறது; ஜனவரி 6 திருக்காட்சி வரையாவது பாட நாள் இருக்கிறது. முன்னால் கொஞ்சம் அடக்கி வாசித்தால், பின்னால் பாட மூச்சு மிஞ்சும்.

பிள்ளைகளோடு எப்படிக் கடைப்பிடிப்பது?

குடிலை முதல் நாளே முழுவதும் வைத்துவிடாதீர்கள். முதல் வாரம் வெறும் கொட்டில். அடுத்த வாரம் மாடு, கழுதை. அப்புறம் மரியாவும் யோசேப்பும் வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து தினம் ஒரு அடி நகர்ந்து வரட்டும். நகர்த்தும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். தொட்டி மட்டும் கடைசி இரவு வரை காலியாக இருக்கட்டும். அந்தக் காலித் தொட்டியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டாம்.

கடைசி வாரத்துக்கென்று தனியாக ஏதாவது உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை மன்றாட்டில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறிய விளிப்பு வரும். ஒவ்வொரு நாளும் கிறிஸ்துவுக்கு ஒரு பெயர்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதய சூரியனே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. ஆயிரம் வருடங்களுக்கு மேல் பழமையானவை. எல்லாவற்றிலும் "வாரும்" என்ற வேண்டல் வரும். லத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும். 'நாளை இருப்பேன்' என்று பொருள். ஏழு நாள் நாம் கூப்பிட்டதற்குள்ளேயே அவருடைய பதில் ஒளிந்திருக்கிறது.

தினம் ஒரு பெயரைக் காலையில் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்.

பாதியில் விட்டுவிட்டேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது. இனி தொடங்கி என்ன பயன்?

நான்காம் வாரம் வியாழக்கிழமை தொடங்கினாலும் தொடங்கலாம். விட்ட நாள்களைச் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம், அது மறுபடியும் ஓட்டமாகிவிடும். அன்றைக்கு உரிய வாசகத்தை மட்டும் எடுங்கள்.

24ஆம் தேதி இரவு என்ன செய்வது?

வேலை எதுவும் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். திருப்பலிக்கோ ஆராதனைக்கோ கிளம்பும் முன் ஐந்து நிமிடம் நான்கு மெழுகுவத்தியையும் ஏற்றி, லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். வீட்டில் தனியாக இருப்பவர் தனக்குத் தானே சத்தமாக வாசிக்கலாம். 19ஆம் வசனத்தில், மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்று வரும். அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிறகு இடையர்கள் திரும்பிப் போகிற கடைசி வசனத்தையும் வாசித்துவிட்டு, கதவைத் திறந்து கிளம்புங்கள்.